தேவகியம்மாவுக்கு ஒரு விபத்து

"கிளிசரின் இல்லாம அழுவியா நீ?"

பொன்முடியில் பாட்டு எடுக்க வந்திருந்த சினிமாக் கம்பெனியின் உதவி டைரக்டர் ஜெபமலரிடம் இப்படிக் கேட்டபோது, அவளுக்குக் கிளிசரின் என்றால் என்னவென்றே தெரியாது. போனக்காடு எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து கிள்ளும் பெண்களில் கொஞ்சம் பேரைக் கூட்டத்தில் நிற்க வைப்பதற்காக ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். அவளும் ஏறிவிட்டாள். கிளிசரின் ஏதோ தின்பண்டம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, "அது இல்லாமத்தான் எங்க லயத்து வீடுகள்ல எல்லாரும் அழுறோம்" என்றாள். ஜீப்பில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அழுது காட்டச் சொன்னார். ஜெபமலர் அழுது காட்டினாள். அந்தப் படத்தில் கதாநாயகிக்குப் பின்னால் நின்று தேம்புகிற பச்சைத் தாவணி அவள்தான்.

அன்றைக்கு ஆரம்பித்த அழுகை. பிறகு திருவனந்தபுரத்துக்கு வந்தாள், சினிமாவில் நர்ஸாக நின்றாள், அண்டை வீட்டுக்காரியாக எட்டிப் பார்த்தாள், கல்யாணம் நின்றுபோன தங்கையாக மூலையில் உட்கார்ந்தாள். நின்றாலும் உட்கார்ந்தாலும் அழுதாள். தூர்தர்ஷனில் வாரம் ஒரு நாள் வரும் நாடகங்களில் கொஞ்சம் பெரிய வேடங்கள் கிடைத்தன. அவற்றிலும் அழுகைதான். அப்புறம் தனியார் சானல்கள் வந்து, வாரத்தில் ஐந்து நாளும் ஓடும் சீரியல்கள் வந்தபோது, முப்பது வயதைத் தாண்டிய கையோடு அவளை அம்மா ஆக்கிவிட்டார்கள். தேவகியம்மா. மூன்று பெண்களைப் பெற்ற விதவை. அந்த மூத்த பெண்ணாக நடித்தவள் ஜெபமலரைவிட நாலு வயதுதான் சின்னவள்.

தம்பானூரில் ஒரு ஹோட்டலில் கேஷியராக இருந்த ஜெபமலரின் புருஷன் விஜய்குமாருக்கு இது ஓயாத வேடிக்கை. "ஒரு பிள்ளைக்கு வழியில்ல நமக்கு. அங்க பாரு, மூணு கல்யாணம் பண்ண அலையுறா" என்பான். பேச்சில் விஷம் கிடையாது. சீரியல் நேரத்தில் ஹோட்டல் டிவியை வேறு யாரும் மாற்றாமல் பார்த்துக்கொள்கிறவனும் அவன்தான்.

தேவகியம்மாவால் ஜெபமலருக்கு ஊருக்குள் ஒரு முகம் கிடைத்தது. நேமத்தில் பஸ் ஏறினால் யாராவது எழுந்து இடம் கொடுப்பார்கள். மீன்காரி ஒரு மத்தி கூடப் போடுவாள். பேர் யாருக்கும் தெரியாது. "தேவகியம்மே" என்றுதான் கூப்பிடுவார்கள். அத்தனை வருஷம் கூட்டத்தில் நின்றவளுக்கு அதுவே பெரிய காரியம்.

அந்த வருஷம் மழை தொடங்குகிற சமயத்தில் ஒரு சினிமா டைரக்டர் அவளைக் கூப்பிட்டனுப்பினார். எஸ்டேட் கதை. மேனேஜர் பங்களா வாசலில் போய் நின்று கேள்வி கேட்கும் ஒரு தொழிலாளிப் பெண்ணின் வேடம். இரண்டே காட்சிகள். ஆனால் பேச்சு முழுக்க அவளுடையது, போனக்காட்டில் பேசுகிற அதே தமிழில். காகிதத்தை அவள் முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தாள். "இதுல எங்க சார் அழணும்?" என்று கேட்டாள். "அழவே வேண்டா சேச்சி. இவள் அழ மாட்டாள்" என்றார் அவர். ஜெபமலருக்கு உடனே கண் நிறைந்துவிட்டது. வெளியே வந்த பிறகுதான் துடைத்துக்கொண்டாள்.

பத்து நாள் வேண்டும். கல்லாற்றிலும் பொன்முடியிலும் படப்பிடிப்பு. சீரியலில் லீவு கேட்க வேண்டும்.

சீரியலில் லீவு கேட்பது ஆபீஸில் கேட்பது மாதிரி இல்லை. ஆள் ஊருக்குப் போனால் கதாபாத்திரமும் எங்காவது போயாக வேண்டும். பெரும்பாலும் குருவாயூர் போகும். கொஞ்சம் கூட நாளானால் பம்பாயில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போகும். கேட்டவர்மேல் கம்பெனிக்குக் கோபம் என்றால் சுவருக்குப் போகும். ஸ்டில் போட்டோகிராபர் வந்து, "சும்மா ஒரு போட்டோ, சேச்சி. நேராப் பாத்து லேசாச் சிரிங்க" என்பார். அப்படிச் சொன்னாலே நடிகர்களுக்கு விளங்கிவிடும். அடுத்த வாரம் அந்தப் படம் மாலையோடு ஹாலில் தொங்கும்.

புரொடக்ஷன் கன்ட்ரோலர் சேஷன் கோட்டைக்குள் அக்ரகாரத்துக்காரர். யாருக்கு எந்த நாள் வேலை, யாருக்கு எந்தக் கார், யாருக்கு இனி வேலையே இல்லை என்பதெல்லாம் அவர் கையில். ஜெபமலர் சொன்னதைக் கேட்டு நெற்றியைத் தடவினார்.

"பத்து நாளா? மூத்த பொண்ணு நிச்சயதார்த்தம் நடக்கறச்சே அம்மாக்காரி குருவாயூர் போனாள்னா பாக்கறவா சிரிக்கமாட்டாளா? பம்பாயும் நடக்காது. நீயே சொல்லு, நான் என்னாக்கும் பண்ணறது?"

ஜெபமலர் பஸ்ஸில் வரும்போதே யோசித்து வைத்திருந்தாள். இத்தனை வருஷ அனுபவம் சும்மாவா?

"ஆக்சிடென்ட் ஆக்கிருங்க சாமி. நிச்சயதார்த்தத்துக்குப் பூ வாங்கப் போறேன், ஆட்டோ கவுந்திருது. தலையும் முகமும் சேத்துக் கட்டுப் போட்டுருங்க. கட்டில்ல யார் கெடந்தா யாருக்குத் தெரியும்? நிச்சயமும் நின்னுரும், பிள்ளைங்களுக்கு அழவும் ஆச்சு. நான் வந்ததும் அவுத்துக்கிடலாம்."

சேஷன் நெற்றியிலிருந்து கையை எடுத்தார். "நீ நடிக்க வந்திருக்கப்டாது மலர். எழுத வந்திருக்கணும்" என்றார். அந்தப் பாராட்டு வீடு போய்ச் சேரும் வரை அவளுக்குள் இனித்தது.

கட்டிலில் கிடக்க ஆள் பார்த்துக் கொடுத்ததும் ஜெபமலர்தான். கல்யாணக் கூட்டத்துக்கும் சந்தைக் கூட்டத்துக்கும் வரும் பெண்களில் சுடலைமாடத்தி என்று ஒருத்தி இருந்தாள். திருநெல்வேலிப் பக்கம். ஷூட்டிங் இல்லாத நாட்களில் அடுக்குமாடி கட்டுகிற இடத்தில் சித்தாள் வேலை. ஜெபமலரின் உயரம், அதே தோள். படியேறும்போது வலது முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறுவாள். காங்கிரீட் சட்டி சுமந்து வந்த வீக்கம்.

திருவனந்தபுரத்துத் திருமலையில் கம்பெனி வாடகைக்கு எடுத்த வீடுதான் சீரியலில் எல்லாவற்றுக்கும். கீழே தேவகியம்மாவின் ஹால், பின்கட்டு வக்கீல் ஆபீஸ், மாடி அறைக்கு வெளிர்பச்சை பூசி ஒரு இரும்புக் கட்டிலும் குளுக்கோஸ் ஸ்டாண்டும் வைத்தால் ஆஸ்பத்திரி. அந்தக் கட்டிலில் சுடலைமாடத்தியைப் படுக்க வைத்து ஜெபமலர் சொல்லிக்கொடுத்தாள்.

"மூச்சை நெஞ்சுல வாங்காத. போர்வை ஆடும். அடி வயித்துல வாங்கு. பிள்ளைங்க வந்து மேல விழுந்து அழுவாங்க, கை மேல கண்ணீர் சொட்டும், கூசும். அசையக் கூடாது."

"எறும்பு கடிச்சா?"

"கடிச்சாலும்தான்."

"கடிச்சிட்டுப் போவுது. செங்கல் அடுக்கையில கடிக்காத எறும்பா." சுடலைமாடத்தி மெத்தையை உள்ளங்கையால் அமுக்கிப் பார்த்தாள். "யக்கா, படுத்துக் கெடக்கதுக்குச் சம்பளம் தாராவன்னு எங்க ஊர்ல போயிச் சொன்னேன்னு வையிங்க, இவளுக்குக் கோட்டி புடிச்சிட்டும்பாவ."

ஜெபமலர் சிரித்தாள். போர்வையை இழுத்து அவள் முழங்காலையும் மூடிவிட்டாள்.

கல்லாற்றில் மழை விடவில்லை. லாட்ஜ் ஜன்னலில் நின்று ஜெபமலர் தன் பேச்சை மனப்பாடம் செய்தாள். மேனேஜர் வாசலில் கேட்கும் கேள்விகளை ஆற்றைப் பார்த்துக் கேட்டாள், பின்பு அலமாரிக் கண்ணாடியைப் பார்த்துக் கேட்டாள். தினமும் காலையில் மேக்கப் போட்டு உட்கார வைத்தார்கள். தினமும் மழையோ, காமிரா வண்டியோ, ஹீரோவின் தலைவலியோ குறுக்கே வந்தது. ஒரு நாள் வெயில் அடித்தபோது, பெண்கள் கூட்டமாக மலையேறுவதை முதுகுப் பக்கமாக எடுத்தார்கள். கூட்டத்தில் ஜெபமலரும் ஏறினாள்.

சாயங்காலங்களில் எதிர்க் கடையில் டீ குடிக்கப் போவாள். கடைக்காரியின் டிவியில் தேவகியம்மா கட்டிலில் கிடந்தாள். இளைய மகள் அந்தக் கையைப் பிடித்துக் கதறினாள். கை அசையவே இல்லை. நன்றாகத்தான் செய்கிறாள் என்று ஜெபமலர் நினைத்துக்கொண்டாள். கடைக்காரி முந்தானையால் மூக்கைத் துடைத்தபடி அவளைத் திரும்பிப் பார்த்தாள்.

"தேவகியம்மா சாயல் இருக்கே உங்களுக்கு."

"நான்தான் சேச்சி அது."

கடைக்காரி டிவியைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். "அப்போ கெடக்குறது?"

"அது வேற ஆள். சும்மா படுத்திருக்கா."

கடைக்காரியின் முகம் சுருங்கிவிட்டது. "இப்படிச் சொல்லாதீங்க. நான் பகவதிக்கு நேர்ச்சை நேர்ந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு டிவி பக்கமே திரும்பிக்கொண்டாள். அடுத்த டீ கேட்டதற்குக் காதில் விழாதது போல இருந்தாள்.

அதற்கடுத்த நாள் ஹீரோ பாறையில் சறுக்கி மணிக்கட்டை முறித்துக்கொண்டார். யூனிட் சாமான்களை ஏற்றியது. "அடுத்த ஷெட்யூல்ல முதல்ல சேச்சியோட சீன்தான்" என்றார் டைரக்டர். அடுத்த ஷெட்யூல் எப்போது என்று கேட்டாள். "பாக்கலாம்" என்றார். விதுரா தாண்டும் வரை ஜெபமலர் வேனின் கடைசி சீட்டில் உட்கார்ந்து, ஒருவரும் கேட்காத அந்தக் கேள்விகளை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

திரும்பி வந்தவளைச் சீரியலிலிருந்து யாரும் கூப்பிடவில்லை. போன் பண்ணினால் சேஷன் "நானே கூப்பிடறேன்" என்றார். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் திருமலைக்கே போய் நின்றாள். வாசலில் புதிதாக ஒரு கார். சேஷனின் முகத்தில் என்றுமில்லாத களை.

"ரேட்டிங் எங்கேயோ போயிடுத்தும்மா. தேவகியம்மாவுக்காகப் பாக்கறவா கோயில்ல அர்ச்சனை பண்ணறாளாம், தெரியுமோ? ஓணம் வரைக்கும் கட்டை அவுக்கப்படாதுன்னு சானல் சொல்லிடுத்து."

"ஓணம் முடிஞ்சதும் அவுப்பீங்கல்லே?"

"அவுக்கத்தானே வேணும்." சேஷன் பேனா மூடியைத் திருகினார். "ஆனா கண்ணாடி எல்லாம் குத்தி முகம் போயிடுத்துன்னு டாக்டர் சொல்லப்போறார். பிளாஸ்டிக் சர்ஜரி. கட்டு அவுக்கறச்சே வேற முகம்."

ஜெபமலருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது உட்கார இடம் தேடினாள்.

"வேற முகம்னா, யார் முகம் சாமி?"

"பழைய ஹீரோயின் ஒருத்தி. வெளிநாட்லேந்து வந்திருக்கா. இன்னும் முடிவாகலே. என்னைக் கோச்சுக்கிண்டு என்ன பிரயோஜனம்? கட்டுப் போடச் சொன்னது நானா?"

சீரியல் டைரக்டர் வினயைப் பார்த்தாள். சின்னப் பையன் மாதிரி இருப்பான், மரியாதை தெரிந்தவன். எழுந்து நின்றுதான் பேசினான். "சேச்சிக்குத் தெரியாததா? சானல் சொல்றதைத்தானே நான் எடுக்கறேன். பாக்கலாம் சேச்சி, வேற நல்ல கேரக்டர் வரும்." ஜெபமலருக்கு ஏதாவது ஒரு சாமானை எடுத்துப் போட்டு உடைக்க வேண்டும் போல் இருந்தது. மேஜைமேல் இருந்ததெல்லாம் கம்பெனிச் சாமான். கும்பிட்டுவிட்டு வந்தாள்.

வீட்டில் விஜய்குமார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "முகத்தை நீயே மூடிக் கையில குடுத்துட்டு வந்திருக்க" என்றான். சொல்லி முடிக்கும்போதே தப்பு என்று தெரிந்துவிட்டது அவனுக்கு. "சோறு போடட்டா?" என்றான். ஜெபமலர் உலர்ந்த துணிகளை மடித்தாள். மடித்ததையே பிரித்து மறுபடியும் மடித்தாள். பதினாறு வருஷம் யார் யாருக்கோ அழுதிருக்கிறாள். தனக்கென்று அழலாம் என்று பார்த்தால் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. இனி பஸ்ஸில் ஏறினால் யார் எழுந்திருப்பார்கள்? மறுபடியும் பச்சைத் தாவணியா?

இரண்டு நாள் கழித்துக் கரமனை பஸ் ஸ்டாப்பில் சுடலைமாடத்தி அவளைப் பார்த்து ஓடிவந்தாள். ஓடித்தான் வந்தாள். படுத்துப் படுத்து முழங்கால் வீக்கம் வடிந்திருந்தது. எண்ணெய் தேய்த்துத் தலை வாரியிருந்தாள்.

"யக்கா, உங்களத்தான் தேடிட்டிருந்தேன். எப்ப வருவீயன்னு யாரும் சொல்ல மாட்டேங்காவ. வெள்ளிக்கெழம தேவகியம்மா கண்ணு தொறக்காளாம். கிட்டக்க வச்சு எடுக்கப் போறாவளாம். வெறும் கண்ணு மட்டும். மூச்சு விடச் சொல்லித் தந்தாப்புல கண்ணு தொறக்கவும் சொல்லித் தாங்க யக்கா."

ஜெபமலர் அவள் கண்களைப் பார்த்தாள். சின்னக் கண்கள், ஓரத்தில் சிமெண்டுத் தூசி அரித்த சிவப்பு. இந்தக் கண்கள் திரையில் திறந்தால் அப்புறம் எந்த முகம் வந்தாலும் ஒன்றுதான். ஆனால் ஜெபமலரின் கண்கள் திறந்தால்? ஊரே பார்த்துப் பழகிய கண்கள். கட்டின் இடுக்கில் அவை விழித்துப் பார்த்துவிட்டால், ஓணத்துக்குப் பிறகு வெளிநாட்டுக்காரியைக் கொண்டுவந்து உட்கார வைக்க முடியுமா? கல்லாற்றுக் கடைக்காரி சும்மா விடுவாளா?

"சொல்லித் தாரேன்" என்றாள் ஜெபமலர். "வெள்ளிக்கிழம நானே செட்டுக்கு வாரேன்."

"நீங்க வந்தாப் போதும் யக்கா. தைரியமா இருக்கும்" என்றாள் சுடலைமாடத்தி. பஸ் வந்தபோது ஜெபமலரை முதலில் ஏற்றிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை ஜெபமலர் செட்டுக்குப் போனாள். மாடிக்குப் போகாமல் நேரே வினயிடம் போனாள். அழவில்லை, கெஞ்சவில்லை. கண்ணைத் திறக்கும் ஒரு ஷாட்டில் என்னென்ன இருக்க வேண்டும் என்று சொன்னாள். முதலில் வெளிச்சம் கூச வேண்டும், பிறகு எங்கே கிடக்கிறோம் என்று தெரிய வேண்டும், அப்புறம் மகளைத் தேட வேண்டும். "அந்தப் பிள்ள இமை தட்டாம இருக்கும், அவ்வளவுதான். உங்க ஷாட்டு வீணாப் போகும் சார். என்னைப் படுக்க வைங்க. முகம் யாருதுன்னு நான் கேக்கல."

வினய் நகத்தைக் கடித்தான். அவனுக்கும் அந்த ஷாட் பயமாகத்தான் இருந்திருக்கும். "கண்ணு சேச்சியோடதுன்னா எனக்கும் நல்லது. ஆனா சானல்..."

"சானல் பாத்த பின்னே சொல்லட்டும்."

வினய் சேஷனைப் பார்த்தான். சேஷன் தோளைக் குலுக்கினார். "அவளே கெடக்கட்டும். இன்னிக்கு மட்டும்னு வேண்டாம், ஓணம் வரைக்கும் தெனம் வந்து கெடக்கட்டும். கண்ணு இன்னிக்கு ஒண்ணு, நாளைக்கு ஒண்ணுன்னு இருக்கப்டாதோன்னோ. ஒரு கட்டிலுக்கு ரெண்டு பேர் எதுக்கு?"

ஜெபமலர் அதை யோசித்திருக்கவில்லை. யோசிக்கவில்லை என்று சொல்வதும் சரியில்லை. பஸ் ஸ்டாப்பிலிருந்தே அந்த நினைப்பு ஓரமாக நின்றுகொண்டுதான் இருந்தது, அவள்தான் திரும்பிப் பார்க்கவில்லை.

"அப்போ அந்தப் பிள்ளைக்கு வேற ஏதாச்சும்..."

"பாக்கலாம்" என்றார் சேஷன்.

மாடியில் சுடலைமாடத்தி தயாராக இருந்தாள். ஆஸ்பத்திரிச் சட்டை போட்டு, தலையும் முகமும் கட்டிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். இடுக்கில் தெரிந்த கண்கள் ஜெபமலரைக் கண்டதும் மலர்ந்தன. "யக்கா, வந்துட்டீயளா" என்று துணிக்குள்ளிருந்து குரல் வந்தது. "கொஞ்சம் முன்னாடிதான் கட்டுனாவ. மூச்சு நல்லா வருது."

மேக்கப்காரர் அவள் பின்னால் போய்க் கட்டை அவிழ்க்கத் தொடங்கினார். எதற்கு அவிழ்க்கிறார் என்று அவளுக்குத் தெரியவில்லை. தலையை வசதியாகக் குனிந்து கொடுத்தாள். நெற்றி வந்தது, கன்னம் வந்தது, வாய் வந்தது. வேர்வையில் மயிர் ஒட்டிக் கிடந்தது. "எந்திரி. இவங்க கெடக்கணும்" என்றார் மேக்கப்காரர். சுடலைமாடத்தி எழுந்தாள். ஜெபமலரைப் பார்த்தாள்.

ஜெபமலர் கட்டிலில் உட்கார்ந்தாள். வேறு துணி எடுக்க நேரம் இல்லையென்று அதே துணியை அவள் தலையில் சுற்றினார்கள். துணி சூடாக இருந்தது. ஈரமாகவும் இருந்தது. தேங்காயெண்ணெய் வாசம் அடித்தது. ஏதாவது சொல்ல வேண்டும் என்று அவள் வாயைத் திறந்தாள். "சேச்சி, வாய அசைக்காதீங்க, கட்டு நெகிழும்" என்றார் மேக்கப்காரர். வாயின்மேல் இன்னொரு சுற்று வந்தது.

படுக்க வைத்தார்கள். குளுக்கோஸ் குழாயைக் கையில் பிளாஸ்திரி போட்டு ஒட்டினார்கள். வினய் காமிராவுக்குப் பின்னால் குனிந்து, "சேச்சி, கண்ணை மூடிக்கோங்க. நான் ஆக்ஷன் சொன்ன பிறகு திறந்தாப் போதும்" என்றான்.

ஜெபமலர் மூடவில்லை. துணியின் இடுக்கு வழியே கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கதவுக்குப் பின்னால் போன சுடலைமாடத்தி தன் சொந்தச் சேலையில் வந்தாள். கழற்றிய ஆஸ்பத்திரிச் சட்டையை மடித்து நாற்காலியில் வைத்தாள். மூலையில் கிடந்த வயர்க்கூடையை எடுத்தாள், அதற்குள் சாப்பாட்டுத் தூக்கு நேராக இருக்கிறதா என்று பார்த்தாள். கட்டிலுக்கு நேராக வந்தபோது ஒரு கணம் நின்றாள். ஜெபமலரின் கண்கள் அவளைப் பார்த்தன. லைட் போட்டார்கள். சுடலைமாடத்தி கூடையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஒரு கையால் கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி, படிகளில் இறங்கிப் போனாள்.